அப்பப்பாவின் பேனைக்குப் புது நிப்பு போடலாமா?



போன கிழமை எபிசோட்டில் போன் பற்றரியைக் கழட்டுவது பற்றிக் கதைத்தோம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டு பற்றரிச் சட்டப்படி, 2027 பெப்ரவரி 18 முதல் நாங்கள் கொண்டுதிரிகிற சாதனங்களின் பற்றரியைப் பாவிக்கிறவரே கழட்டி மாத்தக்கூடியதாக இருக்க வேண்டும். விலக்குகளும் இருக்கு, அதை எபிசோட்டில் சொல்லியாச்சு. அதற்குப் பிறகு வந்த கேள்விகளில் ஒன்றை மட்டும் மைக்குக்கு முன்னால் விளங்கப்படுத்த ஏலாது என்று இந்த மடலுக்காக எடுத்து வைத்தேன். "எங்கட அப்பப்பாவின்ர பழைய பார்க்கர் பேனை வீட்டில கிடக்கு. நிப்பு வளைஞ்சுபோச்சு. புது நிப்பு போடலாமா? போட்டால் பிறகும் அது அவற்ர பேனைதானா?"

முதல் கேள்விக்குப் பதில் பெரும்பாலும் ஓம். இரண்டாவது கேள்விக்கான பதில், அந்த நிப்பு பேனையோடு எப்படிப் பூட்டப்பட்டிருக்கு என்பதில் தங்கியிருக்கு. ஐரி வேலை செய்கிறவர்களுக்கு இது புதிசில்லை. ஒரு பழைய சிஸ்டத்துக்குள் கை வைக்க முதல் கேட்கிற கேள்விதான்: மாத்தினால் றோல்பேக் பண்ணலாமா?

முதலில் பேனையைப் பாருங்கோ. 80களின் நடுவில் டென்மார்க்குக்கு வந்த எங்கட பெற்றோருக்கு ஊரிலிருந்து நீல ஏரோகிராமில் கடிதம் எழுதினவர்களின் பேனை எல்லாம் பார்க்கர் இல்லை. நிறையப்பேரின் சட்டைப்பையில் இருந்தது சீனாவின் ஹீரோ. அம்பு மாதிரிக் கிளிப், நிப்பின் நுனி மட்டும் தெரிகிற மூக்கு, பிதுக்கி மை எடுக்கிற பை என்று ஹீரோ 616 பார்க்கர் 51ஐப் பார்த்துச் செய்தது. தூரத்தில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். மூடியிலும் உடலிலும் என்ன பொறித்திருக்கு என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஹீரோ என்று தெரிந்தால் ஏமாற வேண்டாம். ஹீரோவால் எழுதின கடிதமும் கடிதம்தான். அதோடு, பழகிப் பார்க்க அதைவிட நல்ல பேனை கிடைக்காது. இன்னொரு ஹீரோ சில குரோணருக்கு வாங்கலாம்.

நிப்பு என்று நாங்கள் சொல்வது உண்மையில் இரண்டு துண்டு வேலை. மேலே இருப்பது உலோக நிப்பு, நடுவில் ஒரு பிளவு. கீழே ஒட்டிக்கொண்டு கறுப்பாக இருப்பது ஃபீட். மை பிளவு வழியாகத் தானாக ஊர்ந்து தாளுக்கு வரும். ஒடுங்கிய இடைவெளியில் திரவம் இழுபட்டுப் போகிற அதே விசைதான், டிசுவின் ஒரு மூலையை நனைத்தால் முழுக்க ஈரமாவதும் அதனால்தான். மை வெளியில் வந்த அளவுக்குக் காற்று உள்ளே போகவேண்டும், அந்தப் பாதை ஃபீட்டில் வெட்டியிருக்கிற நுண்ணிய வாய்க்கால்கள். பேனை எழுதவில்லை என்றால் நிப்பைத்தான் எல்லாரும் திட்டுவார்கள். பாதிக்கு மேல் குற்றவாளி, ஃபீட்டுக்குள் காய்ந்துபோய் இருக்கிற பத்து வருசத்து மை.

நிப்பின் நுனியில் ஒரு சின்ன மணி மாதிரி இருக்கும். அது தங்கமும் இல்லை, ஸ்டீலும் இல்லை; தேயாத கடின உலோகக் கலவை. தேயாத என்று சொன்னாலும் முப்பது வருசம் எழுதினால் தேயும். ஒவ்வொருவரும் பேனையைப் பிடிக்கிற கோணம் வேறு, அழுத்தம் வேறு. அந்தக் கோணத்திலேயே மணியில் ஒரு சின்னத் தட்டை விழும். லென்ஸில் பார்த்தால் வெளிச்சம் பட்டு மினுங்கும். ஆகவே அப்பப்பாவுக்கு வெண்ணெய் மாதிரி ஓடின பேனை உங்களுக்குக் கீறும். பேனை பழுதில்லை, அது அவரின் கைக்கு ட்ரெயின் ஆன மொடல். அந்தப் பேனையில் அவருடையது என்று உறுதியாகச் சொல்லக்கூடிய ஒரே பகுதி, அரை மில்லிமீற்றர் அகலமான அந்தத் தட்டைதான். நீங்கள் மாத்தப்போவதும் அதைத்தான்.

இனி, பூட்டுகிற முறை. வைலேயில் இருந்து அரை மணித்தியாலம் காரில் போனால் பில்லுண்ட். லெகோவின் கட்டைப் பேட்டன்ட் பதிந்தது 1958 ஜனவரியில். அன்றைய கட்டையும் இன்றைக்குக் கடையில் வாங்கிற கட்டையும் ஒன்றில் ஒன்று பொருந்தும். இன்டர்பேஸை மாத்தாமல் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். பேனை உலகத்தில் இப்படி யோசித்தவர்கள் சிலர்தான்.

அதில் என் கணக்கில் முதலாவது ஜெர்மனியின் பெலிக்கன். 1950இல் வந்த பெலிக்கன் 400 மொடலில் நிப்பு, ஃபீட், அவற்றைச் சுற்றி ஒரு மரைக் கழுத்து மூன்றும் ஒரே அலகு. கையாலேயே திருகிக் கழட்டலாம். இன்றைக்குச் செய்கிற எம்200, எம்400 பேனைகளின் நிப்பு அலகு அந்த 1950களின் உடலில் ஏறும். எழுபது வருசத்துக்கு மேலாகப் பின்னோக்கிய பொருத்தம்! எங்களுடைய துறையில் எழுபது மாதம் ஓடினாலே கேக் வெட்டுவோம். அமெரிக்காவின் எஸ்ரர்புறூக் இன்னும் ஒரு படி மேலே போனது. ஒவ்வொரு நிப்பு அலகுக்கும் நாலு இலக்க நம்பர். கணக்குப்பிள்ளைக்கு ஒன்று, சுருக்கெழுத்துக்கு ஒன்று, மாணவருக்கு ஒன்று. வேண்டிய நம்பரைத் தெரிந்து, வாங்கின உடலில் திருகிக்கொள்ளலாம். பார்க்கரிலும் அப்படி ஒன்று உண்டு. 1960இல் வந்த பார்க்கர் 45இல் நிப்பும் ஃபீட்டும் ஒரு கழுத்தோடு திருகி வெளியில் வரும்.

பார்க்கர் 51 அப்படி இல்லை. 1941இல் சந்தைக்கு வந்து 1972 வரை செய்யப்பட்டது, எல்லாரும் புகழ்கிற பேனை. புகழுக்குத் தகுதியும் உண்டு: நிப்பு மூக்குக்குள் மூடியிருப்பதால் மை கெதியில் காயாது. ஆனால் அந்த மூக்கு அரக்குப் போட்டு ஒட்டிய மரை. அதைச் சூடாக்கி இளக்கித்தான் கழட்ட வேண்டும், நிப்பு அதற்குள்ளே. இன்றைய போனைத் திறக்கிறவர்கள் ஹீட் கன்னோடு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே கதை. அழகான வெளிக்கூட்டுக்காகத் திறக்கிற வழியை ஒளித்து வைப்பது அப்பிளில் தொடங்கின பழக்கம் இல்லை.

மூன்றாவது வகை, மரையே இல்லாதது. நிப்பையும் ஃபீட்டையும் சேர்த்துப் பிடிக்குள் இறுக்கிச் செருகியிருக்கும். பழைய பேனைகளில் இதுதான் அதிகம். சென்னைக்குப் பக்கத்தில் திருவள்ளூரில் எபொனைட் பேனைகளைக் கையால் கடைந்து செய்கிற ரங்கா பேனைகளில் இன்றைக்கும் இப்படிச் செருகுகிற வகையைக் கேட்டு வாங்கலாம், மரை அலகு போட்டதும் வாங்கலாம். செருகுகிற வகையில் ஒரு நன்மை இருக்கு, அளவு ஒத்துவந்தால் எந்தக் கொம்பனி நிப்பும் போகும். ஒரு தீமையும் இருக்கு, அளவு ஒத்துவருமா என்று போட்டுப் பார்த்துத்தான் தெரியும். ஆறாம் நம்பர் நிப்பு என்று எல்லாரும் சொல்வார்கள், அதை வரையறுத்த எந்தத் தர அமைப்பும் இல்லை. ஜெர்மனியின் ஜோவோவும் பொக்கும் செய்கிற ஆறாம் நம்பர் நிப்புத் தகடுகள் பெரும்பாலும் இடம் மாறும். அவற்றைத் தாங்குகிற மரை அலகுகள் மாறாது. யூஎஸ்பி-சி தலை ஒன்றுபோல இருந்தும் கேபிள் வேலை செய்யாத மாதிரி.

வைலே, கோல்டிங் பக்கத்து லொப்பமார்க்கெட்டில் ஒரு பெட்டி பழைய பேனை கண்டால் அதில் பெலிக்கன் இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு, ஜெர்மனி பக்கத்தில்தானே. பெனோல் என்று பொறித்ததும் வரும். அது கோபன்ஹேகன் பேனை. இன்றைக்கு அந்தப் பெயரை மார்க்கர்களில்தான் பார்ப்பீர்கள். ஒரு காலத்தில் மொன்ட்பிளாங்க் பேனைகளும் கோபன்ஹேகனில் செய்யப்பட்டன. இந்த வயது டெனிஷ் பேனைகளை அநேகமாக உள்ளுக்குள் றப்பரோ கோர்க்கோ உக்கின நிலையில்தான் வாங்குவீர்கள், விலை பேசேக்க அதை மனதில் வையுங்கோ. இன்னொன்று: போர்க்காலத்து ஜெர்மன் பேனைகளில் தங்க நிப்பு இருக்காது. தங்கத்தைப் பேனைக்குப் பாவிக்க அங்கே தடை வந்ததால் பெலிக்கன் குரோம்-நிக்கல் நிப்பு போட்டது. தங்கம் இல்லை என்பதால் போலி என்று சொல்லி வைத்துவிட்டுப் போகாதீர்கள். தங்கம் என்றால் 14 கரட் அல்லது 585 என்று பொறித்திருக்கும்.

சரி, வேலைக்கு வருவோம். கழட்ட முதல் கழுவ வேண்டும். காய்ந்த மை பசை மாதிரி. காய்ந்த பேனையைத் திருகினால் மரை வராது, ஃபீட்தான் உடையும். பழைய பெலிக்கன் 400இன் ஃபீட்டில் நீளவாக்கில் மெல்லிய செதில்கள் இருக்கும், அவை முதலில் போகும். ஆறின தண்ணியை உள்ளே எடுத்து வெளியே விடுங்கள், நிறம் போகும்வரை. பிறகு நிப்பு மட்டும் மூழ்கிற அளவுக்கு ஒரு கிளாசில் தண்ணி எடுத்து, இரவு முழுக்க நிறுத்தி வையுங்கள். கறுப்பு எபொனைட் பேனை என்றால் இரவு முழுக்க வேண்டாம், உடலில் தண்ணி படவும் வேண்டாம், மண்ணிறமாகிவிடும். கொதி தண்ணி எந்தப் பேனைக்கும் வேண்டாம்.

கடைசிக் கழுவலுக்குக் குழாய்த் தண்ணி வேண்டாம் என்பது என் கருத்து. டென்மார்க்கின் குழாய்த் தண்ணி நிலத்தடி நீர், கால்க் கூடின தண்ணி. உங்கட கேத்திலுக்குள் வெள்ளையாகப் படிகிறது ஃபீட்டின் வாய்க்காலுக்குள்ளும் படியும். சுப்பர்மார்க்கெட்டில் அயனுக்கு ஊத்தவென்று விற்கிற டிமினரலிசெரெத் தண்ணி ஒரு போத்தல் வாங்கினால் வருசக்கணக்கில் போதும்.

தண்ணிக்கும் அசையாத மைக்கு அமோனியாக் கரைசல். இங்கேதான் கவனம் வேணும், ஏனென்றால் டெனிஷில் இரண்டு போத்தலின் பெயரிலும் 'ஸ்பிரிட்' இருக்கு. சல்மியக்ஸ்பிரிட்டுஸ் என்பது அமோனியா. ஹுஸ்ஹொல்ட்னிங்ஸ்ப்ரிட் என்பது அற்ககோல். பேனைக்கு வேண்டியது முதலாவது. ஒரு பங்குக்குப் பத்துப் பங்குக்கும் மேல் தண்ணி கலந்து, ஒரு துளி பாத்திரச் சோப்பும் விட்டு, அதில் சில நிமிடம் மட்டும் கழுவி, உடனே நல்லாய் அலசுங்கள். கூட நேரம் ஊறவிட்டால் பித்தளைப் பகுதிகளை அது அரிக்கும். அற்ககோல் பேனைக்குள் போகவே கூடாது. செலுலோயிட்டைக் கரைக்கும், அரக்கையும் கரைக்கும். அமோனியா போத்தலைக் குளோரினுக்குக் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள். இரண்டும் கலந்தால் வருவது நச்சு வாயு. சிங்கில் ஏற்கெனவே குளோரின் ஊத்தியிருந்தால் அன்றைக்குப் பேனை வேலையை விட்டுவிடுங்கோ. ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள்.

திருகுகிற வகை: நிப்பின் மேலும் ஃபீட்டின் கீழும் இரண்டு விரலால் சேர்த்துப் பிடித்து, வலமிருந்து இடமாக, மெதுவாக. நிப்பை மட்டும் பிடித்துத் திருகக் கூடாது, ஃபீட்டோடு உள்ள நேர்ப்பாடு போய்விடும். அசையவில்லையா? இன்னொரு நாள் ஊறட்டும். பலத்துக்கு வேலை இல்லை, பொறுமைக்குத்தான் வேலை.

செருகின வகை: நிப்பையும் ஃபீட்டையும் ஒரு மெல்லிய றப்பர்த் துண்டால் சுற்றிப் பிடித்து நேராக இழுங்கள். குறட்டால் பிடிக்கக் கூடாது. திரும்பப் போடும்போது பிளவு ஃபீட்டின் நடுக்கோட்டில் நேராக வரவேண்டும், ஃபீட்டின் முனை நிப்பின் முனைக்குச் சற்றுப் பின்னால் நிற்கவேண்டும். ஃபீட் நிப்போடு ஒட்டவில்லை, இடையில் வெளிச்சம் தெரியுது என்றால் எபொனைட் ஃபீட்டின் முனையை மட்டும் சில செக்கன் சூடான தண்ணியில் பிடித்து, இளகின பிறகு நிப்போடு அழுத்தி ஆற விடலாம். பிளாஸ்டிக் ஃபீட்டில் இது சரிவராது.

பார்க்கர் 51: நான் சொல்வது, நீங்களாகச் செய்ய வேண்டாம். தலைமயிர் உலர்த்துகிற ட்ரையரால் இளக்கிக் கழட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பல பேனைகளில் கைபழகியவர்கள். சூடு கொஞ்சம் கூடினால் மூக்கு நெளிந்துபோகும், அது திரும்ப வராது. செய்தே தீருவேன் என்றால் முதலில் இரண்டு ஹீரோவில் செய்து பாருங்கோ. 1948க்குப் பிறகு வந்த, பிதுக்குகிற பையுள்ள 51இன் பை அநேகமாக இன்றைக்கும் நல்லாய் இருக்கும். அதற்கு முந்தின, பின்பக்கம் தள்ளி மை எடுக்கிற வகையில் றப்பர் சவ்வு உக்கிப்போயிருக்கும், மாத்தத் தனி ஆயுதம் வேணும். இந்த இரண்டுக்கும் பேனை திருத்துகிறவரிடம் கொடுப்பதில் வெட்கம் இல்லை. டேட்டாபேஸ் மைகிரேஷனுக்கு நாங்களும் ஆள் கூப்பிடுகிறோம்தானே.

செலுலோயிட் பேனைக்குக் கிட்ட ட்ரையரையும் கொண்டுபோகாதீர்கள். அது நெருப்புப் பிடிக்கிற பொருள். உடலைத் தேய்த்து மணந்தால் கற்பூர மணம் வரும், அதில் கண்டுபிடிக்கலாம்.

நிப்பைக் கழட்டின நேரத்தில் பிஸ்டன் பேனைக்கு ஒரு காரியம் செய்யலாம். கோப்பி மெஷினின் ஓ-றிங்குக்குப் பூசுகிற சிலிக்கோன் கிறீஸை ஒரு பல்குத்தியின் நுனியில் தொட்டு உள்சுவரில் பூசிவிடுங்கள். குண்டூசித் தலை அளவு போதும். வசலீன் வேண்டாம், றப்பரை ஊதவைக்கும்.

மற்றப் பராமரிப்பு எல்லாம் சின்ன விசயம். ஒரே மையை விடாமல் எழுதினால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழுவினால் போதும். எழுதாமல் வைக்கப்போகிறீர்கள் என்றால் மையை எடுத்துக் காயவைத்து வையுங்கள். மை பெலிக்கன் 4001, பார்க்கர் குவிங்க் மாதிரிச் சாதாரணமானது போதும். படம் கீறுகிற துஷ் மையைத் தவறியும் விடாதீர்கள், அதில் காய்ந்தால் கரையாத பசை இருக்கு.

எந்த நிப்பு வாங்குவது? ஆங்கிலம், டெனிஷ் எழுதுகிறவர்களின் பரிந்துரை பெரும்பாலும் எம் அளவு. தமிழுக்கு நான் எஃப் சொல்வேன். 'ண', 'ணை', 'ஞ' எழுதிப் பாருங்கோ, சுழிக்குள் சுழி. தடித்த நிப்பில் சின்னதாக எழுதினால் சுழி நிரம்பி ஒரு கறுப்புப் பொட்டாகிவிடும். ஏரோகிராமில் ஒரு மூலை விடாமல் நுணுக்கி எழுதின பழைய கடிதம் வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள், கோடு எவ்வளவு மெல்லிசு என்று தெரியும். ஜப்பான் பேனை வாங்கினால் ஒரு அளவு கூட்டி வாங்கலாம், அவர்களின் எம் ஐரோப்பிய எஃப்புக்குக் கிட்ட வரும்.

இனி அந்த இரண்டாவது கேள்வி. வளைந்த நிப்பு எல்லாம் செத்த நிப்பு இல்லை. நுனியின் இரண்டு பாதியும் மேலும் கீழுமாக விலகியிருந்தால், லென்ஸில் பார்த்துக்கொண்டு நகத்தால் மெதுவாகத் தள்ளிச் சரிப்படுத்தலாம். பிளவுக்குள் அழுக்கு என்றால் மிக மெல்லிய பித்தளைத் தகடு ஒன்றை ஓட்டி எடுக்கலாம். முழுதாய் மடிந்துபோன தங்க நிப்பைக்கூட நிமிர்த்துகிறவர்கள் இருக்கிறார்கள், புது நிப்பைவிடச் செலவு கூடும். ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: கீறுகிறது என்பதற்காக அரத்தாளில் தேய்க்காதீர்கள். தேய்த்தால் உங்கட கைக்கு வரும், அவர் விட்டுப்போன அந்தத் தட்டை போய்விடும். அதற்கு பேக்அப் கிடையாது.

ஆகவே, கேட்டவருக்கு: பேனை 45 என்றாலோ பெலிக்கன் என்றாலோ யோசிக்காமல் மாத்துங்கோ. பழைய அலகு ஒரு சேதமும் இல்லாமல் கையில் இருக்கும், விரும்பின நாள் திருகிப் போடலாம், பேனை அவருடையதுதான். 51 என்றால், நிப்பை நிமிர்த்த முடியுமா என்று திருத்துகிறவரிடம் முதலில் கேளுங்கள். முடியாது என்று சொன்னபிறகு மாத்தலாம், ஆனால் கழட்டின நிப்பைத் திரும்பத் தரவேண்டும் என்று கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கோ. தங்கம் என்பதால் பழையதைத் தாங்களே வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு.

கழட்டின நிப்பைக் கழுவி, காயவைத்து, நுனி எதிலும் முட்டாத மாதிரி ஒரு சின்ன மாத்திரைப் போத்தலில் பஞ்சு வைத்துப் போடுங்கள். யாருடைய பேனை, எந்த மொடல், எப்போது கழட்டினது என்று ஒரு துண்டில் பென்சிலால் எழுதி அதோடேயே வையுங்கள்.

வீட்டில் இருக்கிற பேனை எந்த வகை என்று தெரியவில்லை என்றால் இந்த மடலுக்கே பதில் போடுங்கோ. படம் எடுக்கேக்க நிப்பை மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, மூடியில் பொறித்த எழுத்து ஒன்று. ஃபிளாஷ் போடாமல், ஜன்னல் வெளிச்சத்தில்.